தாத்தா வீடு குன்னூர் 🙏 குரூப், வெள்ளிக்கிழமை ராத்திரி

பெரியம்மா (6:58): ஞாயித்துக்கிழமை எங்க மாமாவுக்கு, அதான் உங்க தாத்தாவுக்கு வருஷ திதி. காலைல 7க்கு அய்யர் வந்துருவாரு, 10 மணிக்கு பஜனை, மதியம் சாப்பாடு. எத்தன பேரு வர்றீங்கன்னு இப்பவே சொல்லிருங்க, பாக்கு மட்டை தட்டு வாங்கணும்

மாமா (7:01): 🙏

சித்தப்பா கோத்தகிரி (7:03): நாங்க 4 அண்ணி

பாப்பா (7:10): சித்தப்பா அர்ஜென்ட். கீபோர்டு ஊளையிடுது

பாப்பா (7:10): ‹குரல் பதிவு 0:11›

பாப்பா (7:11): கைய எடுத்தாலும் நிக்கல. ஒரு கட்டை மேல இன்னொரு கட்டை ஏறி ஒரே இரைச்சல். நாளான்னைக்கு பஜனைய வெச்சுகிட்டு என்ன பண்றது

குட்டி கோவை (7:12): ரீசெட் பண்ணிரு

சித்தப்பா கோத்தகிரி (7:12): ரீசெட் வேண்டாம்!! தாத்தாவோட 16ஆம் நாளைக்கு நான் ரெஜிஸ்ட்ரேஷன்ல, அதான் கீபோர்டு மெமரில போட்டு வெச்சதெல்லாம் அழிஞ்சுரும்

சித்தப்பா கோத்தகிரி (7:16): பாப்பா கால்ல அமுக்கற சஸ்டெய்ன் பெடல் சொருகியிருக்கா பாரு. கீபோர்டு ஆன் ஆகறப்ப பெடல் எப்படி இருக்கோ அதத்தான் 'அமுக்கல'ன்னு எடுத்துக்கும், அதனால ஆன் பண்ற நேரம் பெடல் மேல காலோ வேற ஏதோ இருந்துச்சுன்னா தலைகீழாயிரும், அமுக்கினா நிக்கும், விட்டா இழுக்கும். இப்ப உனக்கு நடக்கறது அதேதான். ஆப் பண்ணு, பெடல தனியா தள்ளி வையி, மறுபடி ஆன் பண்ணு

பாப்பா (7:19): பெடல் மேல கம்பளி மூட்டை இருந்துச்சு

பாப்பா (7:20): நின்னுருச்சு!!!! தேங்க்ஸ் சித்தப்பா

பெரியம்மா (7:21): அந்த கம்பளி கோயமுத்தூர்காரங்களுக்கு எடுத்து வெச்சது. போன தடவ குளுரு குளுருன்னு ராத்திரி பூரா உக்காந்திருந்தாங்க

குட்டி கோவை (7:22): பெரியம்மா நாங்க 3. கார்ல வந்தா இ-பாஸ் வேணுமா

மாமா (7:23): டிஎன்-43, அதான் நீலகிரி நம்பர் வண்டி இல்லன்னா வேணும். 2024 மே 7ல இருந்து

மாமா (7:23): பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் கொண்டு வராதீங்க. கல்லார் செக்போஸ்ட்லயே செக் பண்ணுவாங்க

அத்தை மேட்டுப்பாளையம் (7:40): ஆர்மோனியம் எடுத்துட்டு வரட்டுமா?

பாப்பா (7:41): ஆமா அத்தை 😍

பெரியப்பா (7:52): அது இந்த வீட்ல இருந்ததுதான.

அத்தை மேட்டுப்பாளையம் (7:53): அப்பா என் கைலதான் குடுத்தாரு அண்ணா

பெரியப்பா (7:53): நான் ஒன்னும் சொல்லலம்மா.

பெரியம்மா (7:55): அப்ப கோயமுத்தூர் 3 கோத்தகிரி 4. மேட்டுப்பாளையம் எத்தன

குட்டி கோவை (7:58): ஆர்மோனியம் எதுக்கு வண்டில தூக்கிட்டு, கீபோர்டுலயே ஆர்மோனியம் டோன் இருக்கே. சுதிக்கு போன்ல தம்பூரா ஆப் போட்டுக்கலாம்

சித்தப்பா கோத்தகிரி (8:06): குட்டி டோன் இருக்குதுடா, நல்லாவும் இருக்கு. ஆனா அப்பா 40 வருஷம் எதுல பாடினாரோ அது இல்லாம அவருக்கு பஜனை பண்றது எனக்கு மனசு ஒப்பல. ஒரே ஒரு விஷயம், 16ஆம் நாள் ரெண்டும் சேத்து வாசிச்சப்ப ஏதோ ஒட்டலன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுது, பாப்பா மேல தப்புன்னு நெனச்சாங்க, அவ தப்பு இல்ல. கீபோர்டு ஆன் பண்ணா 440ல நிக்கும், 6 கட்டை வெள்ளக்கட்டை செகண்டுக்கு 440 தடவ அதிரும், உலகம் பூரா அதான் கணக்கு, 1939ல லண்டன்ல கூடிப் பேசி வெச்சது. அப்பாவோட பொட்டி அந்தக் கணக்குல இல்ல. அக்கா நீ இப்ப பொட்டிய தொறந்து நடு 6 கட்டைய மட்டும் 10 செகண்ட் புடிச்சு ரெக்கார்டு பண்ணி அனுப்பு. துருத்திய ஒரே சீரா அமுக்கு, விட்டு விட்டு அமுக்கினா சுதி ஆடும்

மாமா (8:07): டிவி ஓடுது. அமத்தறேன்

அத்தை மேட்டுப்பாளையம் (8:15): ‹குரல் பதிவு 0:12›

அத்தை மேட்டுப்பாளையம் (8:17): ரொம்ப நாளாச்சு தம்பி தொறந்து. ஒன்னுக்கும் ரெண்டுக்கும் நடுவுல இருக்கற ஒன்றரைக் கட்டைல அப்பா வெரல் பட்டு பட்டு கருப்பு போயி மரம் தெரியுது. பக்கத்து கட்டையெல்லாம் புதுசாட்டம் இருக்கு

பெரியம்மா (8:18): 😢

சித்தப்பா கோத்தகிரி (8:24): அவரு சுதியே ஒன்றரைதான அக்கா

சித்தப்பா கோத்தகிரி (8:25): டியூனர் ஆப்ல வெச்சு மூனு தடவ பாத்தேன். 446

குட்டி கோவை (8:25): 6தான வித்தியாசம்

சித்தப்பா கோத்தகிரி (8:33): 6தான்னு சொல்லாத, அரைக் கட்டைல கிட்டத்தட்ட கால்வாசி அது. ரெண்டையும் ஒன்னா புடிச்சா செகண்டுக்கு ஆறு தடவ வ்வ வ்வ வ்வன்னு அலையடிக்கும், பாடறவங்க எத புடிக்கறதுன்னு தெரியாம நடுவுல தொங்குவாங்க. இதுக்கு சுதி மாத்தற ட்ரான்ஸ்போஸ் ஆகாது, அது அரை அரைக் கட்டையா தாவும். ஆர்மோனியத்த கீபோர்டுக்கு கொண்டு வரணும்னா ரீடு ரீடா கழட்டி பித்தளைய சுரண்டணும், அப்பா வெச்ச சுதி அதோட போயிரும். கீபோர்டுல ஒரு நம்பர் மாத்தினா போதும். அதனால கீபோர்டுதான் ஆர்மோனியத்துகிட்ட போகணும். பாப்பா, பன்க்ஷன் பட்டன அமுக்கு, அப்புறம் கேட்டகரி பிளஸ் மைனஸ்ல டியூனிங்னு வர்ற வரைக்கும் போ. 440.0ன்னு காட்டும். பிளஸ் அமுக்கி 446.0 வை. நம்ம யமஹால 427லருந்து 453 வரைக்கும் போகும், பயப்படாத. தப்பா போச்சுன்னா பிளஸ் மைனஸ் ரெண்டையும் சேத்து அமுக்கு, 440க்கே வந்துரும்

மாமா (8:34): படிச்சு முடிக்கறதுக்குள்ள பஸ் பர்லியாறு தாண்டிரும் மாப்ளே

பாப்பா (8:41): வெச்சுட்டேன். அத்தை அனுப்பின ஆடியோவ ஸ்பீக்கர்ல போட்டு கூடவே 6 கட்டைய புடிச்சு பாத்தேன் சித்தப்பா. அலை இல்ல. ரெண்டு சத்தம்னே தெரியல

சித்தப்பா கோத்தகிரி (8:41): ❤️ அவ்ளோதான்

பாப்பா (8:43): ஆனா எனக்கு 1 கட்டைலதான் வாசிக்க வரும்

சித்தப்பா கோத்தகிரி (8:46): ட்ரான்ஸ்போஸ் +1 போட்டுக்கோ. நீ 1ல வாசிக்கலாம், சத்தம் ஒன்றரைல வரும்

அத்தை மேட்டுப்பாளையம் (8:47): ஒன்றரை எனக்கு ஆகாது. எனக்கு ஐந்தரை

பெரியப்பா (8:50): ஐந்தரைல என்னால பாட முடியாது. அப்பா பாட்டு ஒன்றரைலதான் பாடணும்.

அத்தை மேட்டுப்பாளையம் (8:50): அப்ப நான் சும்மா உக்காந்திருக்கறேன்

சித்தப்பா கோத்தகிரி (8:57): ரெண்டு பேரும் கேளுங்க. அண்ணனோட பஞ்சமம் (ப)தான் அக்காவோட ஷட்ஜம் (ஸ). ஆர்மோனியத்துல ஒன்றரையும் ஐந்தரையும் சேத்து புடிச்சா ரெண்டு பேருக்குமே சுதி இருக்கு, அப்பா சாயங்காலம் புடிச்சுகிட்டு உக்காருவாரே அந்த ரெண்டு கட்டைதான். முதல் மூனு பாட்டு அண்ணன், அடுத்தது அக்கா. அக்கா பாடறப்ப பாப்பா ட்ரான்ஸ்போஸ்ல மைனஸ் 4க்கு போகணும். ரெண்டையும் ரெஜிஸ்ட்ரேஷன்ல போட்டுட்டா ஒரு பட்டன்ல மாறிக்கலாம், சனிக்கிழமை நான் வந்து போட்டு தர்றேன்

பெரியப்பா (9:02): முதல் ரெண்டு போதும். மூச்சு வாங்குது.

குட்டி கோவை (9:04): அடாப்டர் வயர் பிஞ்சிருக்குன்னு பாப்பா சொன்னா. என்கிட்ட பழைய கேசியோ அடாப்டர் இருக்கு, கொண்டு வரட்டா

சித்தப்பா கோத்தகிரி (9:05): வேண்டாம் வேண்டாம். பழைய கேசியோக்கு 9 வோல்ட், பின்னுல நடுவுல மைனஸ். நம்மளதுக்கு 12 வோல்ட், நடுவுல பிளஸ். சொருகறதுக்கு சேந்தாலும் சேரும், போர்டு போயிரும். பென்சில் பேட்டரி 6 வாங்கிட்டு வா. மழ பேஞ்சா கரண்ட் இருக்குமோ என்னமோ

பெரியம்மா (9:07): தம்பி அன்னிக்கு மாதிரி பாதில அணைஞ்சுர போகுது. அவரு கீதை படிச்சு முடிச்சு கண்ண தொறக்கறாரு, கீபோர்டு செத்து கெடக்குது

சித்தப்பா கோத்தகிரி (9:10): அது ரிப்பேர் இல்ல அண்ணி. 30 நிமிஷம் யாரும் தொடலன்னா தானா அணைஞ்சுக்கும். பாப்பா, இடது கடேசி கட்டைய அமுக்கி புடிச்சுகிட்டே ஆன் பண்ணு, அந்த ஆட்டோ ஆப் போயிரும். ஆன் ஆனதும் டியூனிங் 446ல இருக்கான்னு ஒரு தடவ பாத்துக்கோ

பெரியப்பா (9:11): அரை மணி நேரமா படிச்சேன்?

பெரியம்மா (9:11): முக்கா மணி

பாப்பா (9:13): சித்தப்பா மேல ஒரு கட்டை மட்டும் எப்படி தொட்டாலும் டமார்னு அடிக்குது

சித்தப்பா கோத்தகிரி (9:18): பனில வெச்சா அப்படித்தான்மா. ஒவ்வொரு கட்டைக்கும் அடில ரப்பர்ல ரெண்டு காண்டாக்ட் இருக்கு, ஒன்னுக்கும் இன்னொன்னுக்கும் எவ்ளோ நேரமாச்சுங்கறத வெச்சுதான் வேகமா அமுக்கினியா மெதுவா அமுக்கினியான்னு கண்டுபிடிக்கும். ஒன்னுல ஈரமோ தூசியோ ஒக்காந்தா கணக்கு தப்பிரும். தொறந்து தொடைக்க இப்ப நேரமில்ல. டச் ரெஸ்பான்ஸ பிக்ஸ்டுல வை, எல்லா கட்டையும் ஒரே சத்தம் வரும். பஜனைக்கு அதான் சரி, ஆர்மோனியத்துலயும் அப்படித்தான, சத்தம் வெரல்ல இல்ல, துருத்திலதான இருக்கு. ராத்திரி துணி போட்டு மூடி வை, ஜன்னலோரம் வேண்டாம்

பாப்பா (9:19): சரிங்க

மாமா (9:26): நாங்க 2. பொட்டிய பஸ்ல கொண்டு வர முடியாது, யாராச்சும் கார்ல ஏத்திக்கணும்

குட்டி கோவை (9:27): நான் அந்த வழிதான் மாமா. 6 மணிக்கு வந்தர்றேன். டிக்கில வெச்சுக்கலாம்

அத்தை மேட்டுப்பாளையம் (9:27): டிக்கில வேண்டாம். நான் மடில வெச்சுக்கறேன்

அத்தை மேட்டுப்பாளையம் (9:29): சாயந்தரம் திரும்ப எடுத்துட்டு வந்துருவேன்

பெரியப்பா (9:41): பூஜை ரூம்ல அப்பா போட்டோக்கு கீழ இடம் ஒதுக்கி வெச்சிருக்கேன்.

பெரியப்பா (9:42): ‹இந்த மெசேஜ் அழிக்கப்பட்டது›

பெரியப்பா (9:44): பத்தரமா கொண்டு வாம்மா. மத்தது நேர்ல பேசிக்கலாம்.

அத்தை மேட்டுப்பாளையம் (9:50): சரிங்கண்ணா

பெரியம்மா (9:52): 6 மணிக்கு அங்க கெளம்பினா 7க்கு அய்யர் வர்றப்ப யாரு இருப்பா? சனிக்கிழமையே வந்து படுத்துக்கங்க, கம்பளி இருக்குது. மேட்டுப்பாளையம் 2. ஊட்டிக்காரங்க இன்னும் வாயே தொறக்கல