வேலிகாத்தான் (சீமைக்கருவேலம்) உங்க ஊர்ல எங்கேருந்து ஆரம்பிச்சது?

கடலூர் முதுநகர்:
கேப்பர் மலைப் பக்கம் எங்க ஆயா ஊரு. லீவுக்குப் போனா மாடு ஓட்டிக்கிட்டு மேய்க்கால் புறம்போக்குக்குப் போவோம். செம்மண்ணு, முழங்கால் உசரத்துக்குப் புல்லு, அங்கங்க ஈச்சம்புதரு, தூரத்துல ஒத்தப்பனை. தரிசுன்னுதான் அதுக்குப் பேரு. பேரே தப்பு. அப்புறம் செம்மண் ஏத்த டிப்பர் வந்துச்சு. மறு வருஷம் பாத்தா பள்ளத்து விளிம்புல வேலிகாத்தான். அதுக்கடுத்த வருஷம் லாரித் தடத்தோட ரெண்டு ஓரமும், கயிறு புடிச்சு நட்ட மாதிரி. புல்லு கெடாத பக்கத்துல ஒரு வேலிகாத்தான் கூட இல்ல. இத்தனைக்கும் ஒரே ஆட்டு மந்தைதான், நெத்தைத் தின்னுட்டு எல்லா எடத்துலயும்தான் புழுக்கை போட்டுச்சு. அதுலேருந்து இந்த முள்ள எங்க பாத்தாலும் ‘இங்க என்ன நடந்துச்சு’ன்னுதான் மொதல்ல தோணுது. உங்க ஊர்ல எப்படி?

பண்ருட்டி:
அக்கா, எங்களுக்கு உண்ணிச்செடி, அதான் லாண்டானா. 2011 டிசம்பர் 30, தானே புயல்ல முந்திரித் தோப்பு முச்சூடும் சாஞ்சுது. சித்தப்பா விறகை வித்துட்டு நிலத்தைச் சும்மா போட்டுட்டார். ரெண்டு மழைக்கு உண்ணிச்செடி இடுப்பளவு. அப்பா பங்குல உடனே கன்னு வச்சு களை வெட்டினோம், அங்க வரல. நடுவுல ஒரு வரப்புதான். கொண்டைக்குருவி பழத்தைத் தின்னுட்டு வரப்பு பாத்தா எச்சம் போடும்? மாடு அந்த இலையை மோந்துட்டு மூஞ்சியைத் திருப்பிக்கும். பசியில தின்ன கன்னுக்குட்டி ஒண்ணு ஈரல் கெட்டு, வெயில் பட்ட எடமெல்லாம் தோல் உரிஞ்சு செத்துப்போச்சு. சித்தப்பா இன்னிக்கும் புயலைத்தான் திட்டுறார்.

முத்தியால்பேட்டை:
அக்கா, நீங்க சொல்றது பாதி சரி. நான் ரெண்டு வருஷம் ஆஸ்திரேலியாவுல டார்வின் பக்கம் வேலை பாத்தேன். புல்லும் மரமும் கலந்த சவானா அது. மாட்டுத் தீவனத்துக்குன்னு ஆப்பிரிக்காவுலேருந்து காம்பா புல்லைக் கொண்டாந்தாங்க. நாலு மீட்டர் வரைக்கும் வளருது. வண்டிய நிறுத்திட்டு உள்ள நாலடி வச்சேன், வண்டி தெரியல. அங்க தீ புதுசு இல்ல, ஊர்ப் புல்லும் எரியும், மரம் தாங்கிக்கும். காம்பா புல்லு லேட்டாத்தான் காயும், மழையில்லாத காலம் முத்தினப்புறம்தான் எரியும். சூட்டு வேகம் ஊர்ப் புல்லுத் தீய விட எட்டு மடங்கு வரைக்கும் போகுதாம். நான் பாத்த மரங்க உச்சி வரைக்கும் கருகி நின்னுது. எரிஞ்ச எடத்துல மறுபடியும் அதே புல்லு. அங்க செடி சாட்சி மட்டும் இல்ல, குத்தவாளியும் அதுதான். வேடிக்கை என்னன்னா, நம்ம செம்மண் மேட்டுல நட்டு வச்ச கத்திச்சவுக்கு அந்த ஊரு மரம்!

கடலூர் முதுநகர்:
ஒத்துக்கிறேன் தம்பி. போன வருஷம் ஆயா ஊர்ல வேலிகாத்தானை எடுத்தாங்க. வெட்டினா கட்டையிலேருந்து பத்துக் கிளை வெடிக்கும்னு பொக்லைன் வச்சு வேரோட புடுங்கினாங்க. நானும் போய் நின்னு சந்தோஷப்பட்டேன், செருப்பைத் தாண்டி ஒரு முள்ளும் வாங்கினேன். புல்லு விதை ஒரு பிடி போடலாம்னு சொன்னேன், யாரும் காதுல வாங்கல. பொங்கலுக்குப் போனா, பொக்லைன் புரட்டின எடம் பூரா பார்த்தீனியம். தூரத்துலேருந்து கொத்தமல்லி பூத்த மாதிரி வெள்ளையா இருக்கு.