டாரண்ட் 98 விழுக்காட்டில் நின்றுவிடுகிறது, பதிவேற்றமும் இல்லை

அல்சூர் வாசகர்:
வணக்கம். என் அறையில் 100 எம்பிபிஎஸ் வேக இணைய இணைப்பு இருந்தும், லினக்ஸ் இயங்குதளத்தின் பழைய பதிப்பு ஒன்றின் டாரண்ட் (பயனர்கள் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் பதிவிறக்கம்) மூன்று நாட்களாக 98 விழுக்காட்டிலேயே நிற்கிறது. புதிய பதிப்பு சில நிமிடங்களில் இறங்கிவிட்டது. ஆனால் என்னிடமிருந்து எவருக்கும் எதுவும் போகவில்லை. பெற்றதைத் திருப்பித் தர இயலாதது மனத்தை உறுத்துகிறது. என்ன செய்யலாம்?

மல்லேஸ்வரம் வாசகர்:
பிராம் கோஹன் 2001இல் வெளியிட்ட பிட்டாரண்ட் முறையில் கோப்பு சிறு துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, பலரிடமிருந்தும் பெறப்படுகிறது. இப்போது இணைந்திருப்பவர்களில் எவரிடமும் உங்களுக்கு வேண்டிய மீதித் துண்டுகள் இல்லை. அவற்றை வைத்திருப்பவர் ஒருவர் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். கோப்பு கிடைத்த உடனே, பிறருக்குத் தராமல், செயலியை மூடிவிடும் சிலரின் பழக்கம் எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஜெயநகர் வாசகர்:
பதிவேற்றத்திற்கு, ரௌட்டரில் வான் (WAN, இணையப் பக்க) முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரையிலான எண்களில் தொடங்கினால், இணைய நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது என்று பொருள். ஆகவே நீங்கள் ரௌட்டரில் எந்தப் போர்ட்டைத் (இணைப்புகள் வரும் எண்ணிட்ட வாயிலை) திறந்தாலும் வெளியிலிருந்து எவரும் உங்களை வந்தடைய இயலாது. எனக்கும் இதுவே நேர்ந்தது. பகிராத தனிப் பொது முகவரி தரும் புதிய முகவரி முறையான ஐபிவி6ஐ இயக்கிய பிறகே பதிவேற்றம் தொடங்கியது.

அல்சூர் வாசகர்:
மிக்க நன்றி. என் முகவரி 100.72 என்றே தொடங்குகிறது. இன்றிரவே ஐபிவி6ஐ இயக்கிப் பார்க்கிறேன்.