அமெரிக்காவில் இரண்டாவது குழந்தை: எதை முதலில் முடிப்பது?

கேள்வி: டெக்சாஸில் இருக்கிறோம், இருவருக்கும் கிரீன் கார்டு. அடுத்த மாதம் டெலிவரி. பெரியவளுக்கு இரண்டரை வயது. கார் சீட், பேப்பர் வேலை, வீடு, எதிலிருந்து தொடங்குவது?

தேன்மொழி: கார் சீட்டை இப்போதே மாட்டுங்கள். பின்பக்கம் பார்த்துத்தான் வைக்கணும். பெல்ட் நுழையும் இடத்தில் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் அசையக்கூடாது. சாய்மானம் காட்டும் கோட்டையோ குமிழியையோ பாருங்கள். சீட் ரொம்ப நிமிர்ந்திருந்தால் பச்சைக்குழந்தையின் தலை முன்னால் கவிழ்ந்து மூச்சு அடைக்கும். தோள்வார் தோள் மட்டத்தில் அல்லது சற்றுக் கீழே, மார்பு கிளிப் அக்குள் உயரத்தில். தடித்த ஜாக்கெட் போட்டு வாரைக் கட்டாதீர்கள்; விபத்தில் பஞ்சு அமுங்கி வார் தொளதொளவென்று ஆகிவிடும். கட்டியபின் மேலே போர்வை போதும்.

கணேஷ்: பேப்பரில் இன்சூரன்ஸ்தான் அவசரம். பல கம்பெனிகளில் பிறந்த 30 நாளுக்குள் குழந்தையைச் சேர்க்கணும், ஹெச்.ஆரிடம் கெடுவைக் கேட்டு வையுங்கள். ஆஸ்பத்திரியில் பிறப்புச் சான்றிதழ் படிவம் நிரப்பும்போதே சோஷியல் செக்யூரிட்டி எண்ணும் (அரசு தரும் தனி எண்) வேண்டும் என்று குறித்தால் தனி அலைச்சல் இல்லை. குழந்தையின் பெயரில் இனிஷியலா, அப்பா பெயர் கடைசியிலா என்பதை முன்பே பேசி முடியுங்கள். பின்னால் திருத்துவது பெரிய தலைவலி. பாஸ்போர்ட்டுக்கு டிஎஸ்-11 படிவம், பெற்றோர் இருவரும் குழந்தையோடு நேரில் போகணும். ஒருவர் வரமுடியாவிட்டால் அவருடைய சம்மதப் படிவம் டிஎஸ்-3053, நோட்டரி கையெழுத்துடன்.

சுமதி அக்கா: ஊரிலிருந்து பாட்டி வந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: சேனை தொட்டு வைக்கத் தேன் கூடாது, ஒரு வயது வரை பொட்டுலிசம் (கிருமி நஞ்சால் வரும் கடும் நோய்) ஆபத்து. தொட்டிலில் தலையணை, போர்வை எதுவும் வேண்டாம், மல்லாக்கப் படுக்க வையுங்கள். பெரியவளைத் தனிக் கட்டிலுக்கு மாற்றுவதாக இருந்தால் பிரசவத்தை ஒட்டி வேண்டாம்மா. தம்பி பாப்பா தன் இடத்தைப் பிடுங்கிக்கொண்டதாக நினைப்பாள்.