தொட்டி மீன் தண்ணீரில் வைத்த கீரை மஞ்சளாகிறது, தீவனம் கூட்டியும் தேறவில்லை. உதவுங்க

மொடக்குறிச்சி மீன்வீடு:
வணக்கமுங்க. வீட்டுக்குப் பின்னால் 10,000 லிட்டர் தார்ப்பாய்த் தொட்டியில் கிஃப்ட் ரகத் திலேப்பியா மீன் வளர்த்து, ஞாயிற்றுக்கிழமை உயிர்மீனாக விற்கிறோம். இப்போது 600 மீன் கிடக்கிறது, ஒன்று 150 கிராம் வரும். கழிவுத் தண்ணீர் வீணாகப் போகிறதே என்று தை மாதம் நான்கு பாத்தி கட்டினோம். 8 அடிக்கு 4 அடி, ஒரு அடி ஆழம், உள்ளே கூழாங்கல். மோட்டார் தண்ணீரைப் பாத்திக்கு ஏற்றும். கல்லில் வடிந்து திரும்பத் தொட்டிக்கே வந்துவிடும். பாலக், புதினா, கொஞ்சம் தக்காளி வைத்திருக்கிறேன்.

முதல் மாதம் நன்றாக வந்தது. இப்போது புதினாக் கொழுந்தெல்லாம் வெளுத்து வருகிறது. சத்துப் போதவில்லை என்று தீவனத்தை 1.8 கிலோவிலிருந்து 2.3 கிலோவாக ஏற்றினேன். இலை மாறவில்லை. மூன்று நாளாக விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது. எங்கள் வருமானமே அந்த மீன்தான். என்ன செய்யட்டும்?

கோபி வாய்க்கால்கரை:
அம்மிணி, முதலில் மீனைப் பாருங்கள், கீரை அப்புறம். இன்றைக்கும் நாளைக்கும் தீவனம் வேண்டாம். ஏர் பம்ப் ராத்திரி முழுக்க ஓடட்டும். ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை இறக்கிவிட்டு, வேறு டிரம்மில் காற்று ஓட்டி வைத்த போர் தண்ணீரை மெதுவாக விடுங்கள்.

பிறகு மூன்று விஷயம் சொல்லுங்கள். தண்ணீரின் பி.எச்., அதாவது புளிப்பு-கார அளவு, எவ்வளவு? மஞ்சள் கொழுந்திலா, அடி இலையிலா? அந்தக் கல் எங்கே வாங்கியது?

சென்னிமலை:
மீன் மேலே வந்தால் நாங்கள் இரண்டு கிலோ கல்லுப்பு போடுவோம். சரியாகிவிடும்.

கோபி வாய்க்கால்கரை:
தம்பி, மீன் மட்டும் இருக்கிற தொட்டியில் உப்புப் போடலாம். இங்கே அதே தண்ணீரைச் செடியும் குடிக்கிறது. போட்ட உப்பு எங்கேயும் போகாது, ஒவ்வொரு முறை போடும்போதும் சேர்ந்துகொண்டே வரும். வேண்டாம்.

மொடக்குறிச்சி மீன்வீடு:
அண்ணா, சொன்னபடி செய்தேனுங்க. இன்று காலையில் மீன் மேலே வரவில்லை.

டெஸ்ட் கிட்டில் பி.எச். 8.3, அமோனியா 1. நைட்ரேட் அட்டையில் கடைசி நிறத்துக்கே போய்விட்டது. மஞ்சள் கொழுந்தில்தான், அடி இலை கரும்பச்சையாக இருக்கிறது. கொழுந்தை வெயிலுக்கு நேரே பிடித்தால் நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிகிறது, இடையில் எல்லாம் வெளுப்பு. கல், மாமா தோட்டத்து ஓடையில் அள்ளியது.

கோபி வாய்க்கால்கரை:
அந்த நரம்புதான் விஷயம். தழைச்சத்துக் குறைந்தால் அடி இலை முதலில் மஞ்சளாகும். கொழுந்து வெளுத்து நரம்பு பச்சையாக நின்றால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று அர்த்தம். நைட்ரேட்டும் தழைச்சத்துதான், அட்டையில் கடைசி நிறம் என்றால் உங்களுக்கு அது மிச்சமாகவே இருக்கிறது. கீரைக்கு ஒரு சதுர மீட்டருக்கு நாளைக்கு 40 முதல் 50 கிராம் தீவனம் என்பது கணக்கு. உங்கள் நான்கு பாத்தியும் சேர்ந்து 12 சதுர மீட்டர்தான், 600 கிராம் தீவனத்தின் சத்தே போதும். பழைய 1.8 கிலோவே மூன்று மடங்கு.

பி.எச். 8.3-ல் இரும்பு தண்ணீரில் கரைந்து நிற்காது, அதனால் வேரால் எடுக்க முடியாது. மீனுக்கும் அதுவே கேடு. இந்த வெயிலில் 8.3 என்றால், மீன் கழிவிலிருந்து வரும் மொத்த அமோனியாவில் சுமார் எட்டில் ஒரு பங்கு விஷமாக நிற்கும். பி.எச். 7 ஆக இருந்தால் நூறில் ஒன்றுகூட வராது. நீங்கள் தீவனம் கூட்டியதும் அமோனியா ஏறியது, ஆக்ஸிஜன் இறங்கியது. மீன் மேலே வந்தது அதனால்தான்.

கல்லை இன்றைக்கே சோதியுங்கள். ஒரு கை அள்ளிக் காயவைத்து, எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் அதில் சுக்காங்கல், அதாவது சுண்ணாம்புக் கல், கலந்திருக்கிறது. பி.எச்.சை ஏற்றுவது அதுதான்.

மொடக்குறிச்சி மீன்வீடு:
நுரைத்ததுங்க அண்ணா! பத்துக் கல்லில் மூன்று, வெள்ளைப் புள்ளி இருக்கிற கல்லெல்லாம் சுர்ரென்று பொங்கியது. கொஞ்சம் ஆசிட் ஊற்றிப் பி.எச்.சைக் குறைக்கலாமா?

கோபி வாய்க்கால்கரை:
தொட்டியில் ஒரு சொட்டுக்கூட ஊற்றாதீர்கள். அப்போதைக்கு இறங்கும், சுக்காங்கல் கரைந்து மறுபடி ஏற்றிவிடும். அந்த ஏற்ற இறக்கத்தை மீன் தாங்காது.

கல்லை மாற்றுங்கள். கருங்கல் முக்கால் இன்ச் ஜல்லி, தூசி போகக் கழுவியது. ஆனால் நான்கு பாத்தியையும் ஒரே நாளில் கொட்டிவிடக் கூடாது. அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் பாக்டீரியா குடியிருப்பது அந்தக் கல்லில்தான். அது புதிதாக வளர நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். பத்து நாளைக்கு ஒரு பாத்தி மாற்றுங்கள். அதுவரை தீவனம் 1 கிலோவைத் தாண்ட வேண்டாம். சுக்காங்கல் போய்விட்டால், பாக்டீரியா வேலை செய்யச் செய்யப் பி.எச். தானாக இறங்கும். 7-க்கு அருகில் வந்தால் நிறுத்திப் பிடிக்க வேண்டும், அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கொழுந்துக்கு இடிடிஹெச்ஏ இரும்பு வாங்குங்கள், பி.எச். கூடுதலாக இருந்தாலும் கரைந்தே நிற்கிற இரும்பு உரம் அது. 6 சதவீதம் உள்ளதென்றால் உங்கள் தொட்டிக்கு 330 கிராம், மூன்று நாளாகப் பிரித்துப் போடுங்கள். தண்ணீர் சிவக்கும், பயப்பட வேண்டாம். தென்னைக்குப் போடுகிற அன்னபேதியை (இரும்பு சல்பேட்) மட்டும் போட்டுவிடாதீர்கள். இந்தப் பி.எச்.சில் அது துருவாகி அடியில் படிந்துவிடும்.

பல்லடம் கீரைக்கொல்லை:
தங்கச்சி, இதையும் கேட்டுக்கொள். இனி பாத்தியில் பூச்சி வரும், கை தானாக வேப்பெண்ணெய்க்குப் போகும். போன வருஷம் தக்காளியில் வெள்ளை ஈ என்று வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்து அடித்தேன். இலையில் வழிந்தது கல்லில் இறங்கி மீனுக்குப் போய்விட்டது. சாயங்காலம் அடித்தேன், காலையில் 40 மீன் மல்லாந்து கிடந்தது. அந்த வாசம் இன்னும் மனதில் நிற்கிறது. மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டு, அசுவினி வந்த கொழுந்தைக் கிள்ளி எறி.

தக்காளியைப் பாத்தியில் வைக்காதே என்றுதான் நான் சொல்வேன். மாற்றுகிற தண்ணீரை மண்ணில் இருக்கிற தக்காளிக்கும் கத்தரிக்கும் வாய்க்கால் வெட்டிப் பாய்ச்சு. பாத்தி கீரைக்கும் புதினாவுக்கும் இருக்கட்டும்.

மொடக்குறிச்சி மீன்வீடு:
ஆறு வாரம் ஆகிவிட்டதுங்க. நான்கு பாத்தியும் ஜல்லிக்கு மாறியாகிவிட்டது. கடைசியாக எடுத்த கல்லை மாட்டுத் தொழுவத்து வழியில் கொட்டினோம். பி.எச். இன்று 7.5, அமோனியா காட்டவே இல்லை. வெளுத்த இலை வெளுப்பாகவேதான் நிற்கிறது, ஆனால் இரும்பு போட்ட எட்டாம் நாள் வந்த கொழுந்து பச்சை. நேற்று மீன் வாங்க வந்தவர்கள் ஆளுக்கொரு கட்டுப் புதினாவும் கேட்டு வாங்கிப் போனார்கள். தக்காளியை வேலியோரம் மண்ணில் நட்டுவிட்டேன் அக்கா.

கோபி அண்ணா, 7-க்கு அருகிலேயே நிறுத்திப் பிடிப்பது எப்படிங்க?

கோபி வாய்க்கால்கரை:
நல்லதுங்க அம்மிணி. அந்தச் சுக்காங்கல்லில் இரண்டு கிலோ தொழுவத்திலிருந்து எடுத்துக் கழுவி வையுங்கள். 6.8 வந்தால் வலைப்பையில் கட்டித் தண்ணீர் விழுகிற இடத்தில் தொங்கவிடுங்கள், 7.2 ஆனதும் எடுத்துவிடுங்கள்.