தெருக்குழாய் இணைப்பில் நேரடியாக மோட்டார் பொருத்துவது பற்றி

கேள்வி: முதல்மாடிவாசி

வணக்கம். வட சென்னையில் எட்டு வீடுகள் கொண்ட பழைய அடுக்ககத்தில் குடியிருக்கிறோம். ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலையில் வரும் குடிநீர், சில மாதங்களாகச் சம்ப்பில் (தரையடித் தொட்டியில்) அரையடிகூட ஏறுவதில்லை. தெருவில் பலரும் இணைப்புக் குழாயிலேயே மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சிக்கொள்வதால், நாமும் அவ்வாறே செய்யலாம் என்று எங்கள் சங்கக் கூட்டத்தில் பெரும்பாலோர் கருதுகின்றனர். அது விதிமீறல் என்பதை அறிவோம்; ஆயினும் லாரித் தண்ணீருக்கு ஆகும் செலவைத் தாங்க முடியவில்லை. அனுபவமுள்ளவர்கள் வழிகூற வேண்டுகிறேன்.

பதில்: பழைய பொறியாளர்

விதி ஒருபுறம் இருக்கட்டும். குழாய்க்குள் என்ன நடக்கிறது என்பதைப் பாருங்கள். அழுத்தம் உள்ளவரை, பழுதான இணைப்புகளின் வழியே நீர் வெளியே கசியும். மோட்டார் உறிஞ்சத் தொடங்கியதும் அழுத்தம் தாழ்ந்து, அதே விரிசல்களின் வழியே சுற்றியுள்ள மண்ணில் தேங்கிய கழிவுநீர் உள்ளே இழுக்கப்படும். பழைய தெருக்களில் குடிநீர்க் குழாயும் சாக்கடைக் குழாயும் நெருங்கிக் கிடப்பதால் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

முதலில் தெருக்குழாயிலிருந்து சம்ப்புக்கு வரும் உங்கள் சொந்தக் குழாயைச் சோதியுங்கள். பழைய இரும்புக் குழாயின் உட்புறம் துருவேறி, விரல் நுழையாத அளவுக்குத் துளை சுருங்கியிருப்பதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். நீர் விழும் வாய் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ, அந்த அளவுக்குக் குறைந்த அழுத்தத்திலும் தண்ணீர் வந்துசேரும். கூடவே, குளோரின் சோதனைச் சொட்டு மருந்தையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டை வந்தடையும் நீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் கொதிக்க வைக்காமல் குடிக்க வேண்டாம்.

பதில்: கிணற்றடி

உங்கள் வளாகத்தில் பழைய கிணறு மூடிக் கிடக்கிறதா? 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் கொண்டுவரப்பட்ட நாட்களில், எங்கள் கட்டடம் கிணற்று நீரால்தான் தாக்குப்பிடித்தது. கடலோரம் என்பதால் உப்புக் கரிக்கும். கழிப்பறைக்கும் தரை கழுவுவதற்கும் அது போதும். அதற்கென்று தனித் தொட்டியும் தனிக் குழாயும் போட்ட பிறகு லாரி அழைப்பது வெகுவாகக் குறைந்தது. மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது பெயருக்கு வைத்த குழாய்கள் பல கட்டடங்களில் மண்ணடைத்துக் கிடக்கின்றன. ஐப்பசிக்கு முன் அவற்றைத் தூர்வாரிக் கிணற்றுக்குத் திருப்பிவிடுங்கள்.

பதில்: கடைக்கோடி வீடு

சம்ப் கட்ட இடமில்லாமல், அடிபம்பை நம்பியே இருக்கும் வீடுகள் உங்கள் தெருவிலும் இருக்கும். நீங்கள் மோட்டார் போட்டால் முதலில் காற்று வாங்கப்போவது அவர்களுடைய பம்புதான். ஏற்கெனவே மோட்டார் வைத்திருப்பவர்களைத் தனியொருவராகப் புகார் செய்தால் பகைதான் மிஞ்சும். தெருவின் தொடக்கத்திலும் கடைசியிலும் உள்ள வீடுகளில் நீர் வரும் நேரத்தையும் நிரம்பும் அளவையும் இரண்டு வாரம் குறித்து, அனைவரும் கையொப்பமிட்டுப் பகுதிப் பொறியாளரிடம் கொடுங்கள். வால்வு திறக்கும் நேரத்தை மாற்றக் கேட்பதற்கு அந்தக் குறிப்பு உதவும்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கிணறு இருக்கிறது; அதன்மேல் சிமெண்டுப் பலகை போட்டு இருசக்கர வண்டிகளை நிறுத்துகிறோம். இணைப்புக் குழாயை மாற்றுவதானால், சாலையைத் தோண்ட யாரிடம் முதலில் அனுமதி பெற வேண்டும் என்பதைப் பொறியாளர் ஐயா தெரிவித்தால் உதவியாக இருக்கும்.