'இதயக்காப்பு ஸ்டீரொயிட்' என்ற சொல் குறித்து

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இதய வால்வு சத்திரசிகிச்சைக்காகக் கண்டிக்கு அனுப்பப்படும் தோட்டக் குடும்பங்களுக்கான விளக்கக் கையேட்டில், அந்தச் சத்திரசிகிச்சையின்போது கொடுக்கும் ஸ்டீரொயிட் மருந்துக்கு 'இதயக்காப்பு ஸ்டீரொயிட்' என்ற சொல்லை ஆளலாம் என்று பேராதனை நண்பர் முன்மொழிந்துள்ளார். சொல் அழகாகவே இருக்கிறது. ஆனால் மெய்ப்பிக்கப்படாத பலனை அது பெயரிலேயே உறுதியளித்துவிடுகிறது.

இதயத்தை நிறுத்தி அறுவை செய்யும்போது, இதயத்தினதும் நுரையீரலினதும் வேலையைச் செய்யும் இயந்திரத்தின் குழாய்களிலும் ஒட்சிசனேற்றியிலும் ஓடும் குருதி அந்நியப் பரப்புகளைத் தொடுவதால், நிரப்புப் புரதங்கள் எனப்படும் நோயெதிர்ப்புப் புரதங்களும் வெண்குருதிக் கலங்களும் தூண்டப்பட்டு உடல் முழுவதும் அழற்சி எழுகிறது. அதை அடக்கவே பல பத்தாண்டுகளாக ஸ்டீரொயிட் கொடுக்கப்பட்டு வந்தது. காரணம் நியாயமானதுதான். ஆயினும் 2012இல் நெதர்லாந்தில் 4,494 பேரிடம் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொயிட்டைச் சோதித்தபோதும், 2015இல் வெளியான, 18 நாடுகளில் 7,507 பேரிடம் மெதைல்பிரெட்னிசொலோன் என்ற இன்னொரு ஸ்டீரொயிட்டைச் சோதித்த ஆய்விலும், மரணமும் பெருஞ்சிக்கல்களும் சேர்ந்த கணக்கில் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லக்கூடிய குறைவு எதுவும் தென்படவில்லை. முந்தையதில் தொற்றுகள் குறைந்தன என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பிந்தையதில் இதயத்தசைப் பாதிப்பின் அடையாளங்கள் ஸ்டீரொயிட் பெற்றவர்களிடமே சற்றுக் கூடுதலாக இருந்தன. அதற்குப் பிறகும் 'இதயக்காப்பு' என்று எழுதுவது எப்படிப் பொருந்தும்?

'ஊக்கமருந்து' என்ற மாற்று யோசனையும் வேண்டாம். பத்திரிகைகளின் விளையாட்டுப் பக்கங்களில் அச்சொல் பட்டிருக்கும் கறை போதும். ஹட்டனிலோ தலவாக்கலையிலோ இருந்து வரும் தாய், மகனுக்கு அதை ஏற்றுகிறார்கள் என்று கேட்டால் சம்மதப் படிவத்தில் கையொப்பமிடத் தயங்குவார்.

இயந்திரத்தின் வழியே குருதியை ஓடவிடுவதை 'பைபாஸ்' என்று அழைப்பதிலும் கவனம் தேவை. நம் மக்கள் 'பைபாஸ் செய்தாயிற்று' என்றால், அடைபட்ட இதயநாடிக்கு மாற்றுக் குழாய் இணைத்ததையே குறிப்பிடுகிறார்கள். இயந்திரம் இல்லாமலும் அந்தச் சத்திரசிகிச்சையைச் செய்ய முடியும். மறுபுறம், வாதக் காய்ச்சலால் வால்வு பழுதானவருக்கு நாடியில் அடைப்பே இல்லாவிட்டாலும் இயந்திரம் தேவைப்படும். ஆகவே இயந்திரவழி ஓட்டத்துக்கு 'உடற்புறக் குருதிச் சுற்றோட்டம்' என்பதை முன்வைக்கிறேன். 'குருதிச் சுற்றோட்டம்' நம் பாடநூல்களில் ஏற்கெனவே ஊன்றிவிட்ட சொல். 'உடற்புற' என்ற முன்னொட்டு மட்டுமே புதிது.

அதையொட்டி, மருந்துக்கு 'சுற்றோட்டநேர ஸ்டீரொயிட்' என்று பெயரிடலாம். எப்போது கொடுக்கப்படுகிறது என்பதைச் சொல்கிறது, என்ன செய்துவிடும் என்று சொல்லவில்லை. 'அழற்சியடக்கி' என்றால் புரூபன் போன்ற வலிமாத்திரைகளும் அதனுள் அடங்கிவிடும். மருந்தின் தனிப்பெயரைத் தமிழாக்காமல் ஒலிபெயர்ப்பாகவே விடுவோம். சிட்டையில் எழுதியிருப்பதை மருந்தாளர் வாசிக்கும்போது குடும்பத்தாருக்கு அடையாளம் தெரிய வேண்டும்.

கையேட்டில் பெயருக்கு அருகே 'இம்மருந்தால் சத்திரசிகிச்சைக்குப் பின் குருதியில் சீனி உயரக்கூடும்' என்ற வரியும் வேண்டும். 2022இல் வெளியான, 1,200 சிசுக்களிடம் நடந்த ஆய்வில், மெதைல்பிரெட்னிசொலோன் பெற்றவர்களுக்கே இன்சுலின் கூடுதலாகத் தேவைப்பட்டது. சீனி வருத்தம் உள்ள பெரியவர்கள் இதைக் கேட்டு அஞ்சாதபடி வாக்கியத்தை எப்படி அமைப்பது என்பதில், விடுதியில் பணியாற்றும் தாதியர்களின் கருத்தை முதலில் கேட்க விரும்புகிறேன்.