ஆட்டோ இன்கிரிமென்ட் வச்சும் டூப்ளிகேட் கீ எரர் – அவசரம், உதவுங்க

கமிட்_ராஜா
பில்ஸ் டேபிள்ல புது வரி சேர்த்தா 'டூப்ளிகேட் கீ வேல்யூ வயலேட்ஸ் யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட்'னு எரர் வருது. ஐடி நான் கொடுக்கவே இல்ல, அது ஆட்டோ இன்கிரிமென்ட், டேட்டாபேஸே அடுத்த எண்ணைப் போட்டுக்கும். திரும்பத் திரும்ப அடிச்சா திடீர்னு ஒண்ணு உள்ளே போயிடுது, அடுத்தது மறுபடியும் எரர். கோட்ல எதையும் தொடல. சாயங்காலம் பில்லிங் திறக்கணும், யாராவது பாருங்க.

நெல்லை_நிரல்
எந்த டேட்டாபேஸ், எந்த வெர்ஷன்? ஐடி எண்ணைத் தானா போட வச்சது சீரியல் முறையா, ஐடென்டிட்டி முறையா? பழைய டேட்டா எங்கிருந்தாவது ஏத்தினீங்களா? எரர் வாசகத்தைப் பார்த்தா போஸ்ட்கிரெஸ் மாதிரி இருக்கு. மைஎஸ்க்யூஎல்னா 'டூப்ளிகேட் என்ட்ரி'ன்னு சொல்லும். ஆனா நீங்க சொன்னாத்தான் உறுதி.

ஹைபர்நேட்_ஹரி
ஜாவாவா ப்ரோ? ஜாவான்னா இது அலொகேஷன்சைஸ் பிரச்சினைதான். ஹைபர்நேட் (ஜாவாவை டேட்டாபேஸோட இணைக்கிற லைப்ரரி) டீஃபால்ட்டா 50 எண்ணை மொத்தமா ஒதுக்கிக்கும். டேட்டாபேஸ்ல சீக்வென்ஸ் (அடுத்தடுத்த எண்ணைக் கொடுக்கிற கவுண்டர்) இன்கிரிமென்ட் பை 1-னு இருந்தா ரெண்டும் மோதும். ரெண்டு பக்கமும் ஒரே எண்ணா வைங்க, போயிடும்.

லாக்_வேட்டை
எனக்கென்னவோ எங்கேயோ 'மேக்ஸ்(ஐடி)+1', அதாவது இருக்கிற பெரிய ஐடியோட 1 கூட்டுற கோட், ஒளிஞ்சிருக்குன்னு தோணுது. ரெண்டு செஷன் ஒரே நேரத்துல மேக்ஸ் படிச்சா ரெண்டுக்கும் ஒரே எண்தான் கிடைக்கும். ட்ரிகர் (வரி சேரும்போது தானா ஓடுற கோட்) ஏதாவது இருக்கான்னு பாருங்க.

டிபிஏ_அண்ணாச்சி
கையேட்டுல சீக்வென்ஸ் பக்கத்தை ஒரு தடவை படிச்சிருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது தம்பி. சரி, கேளு. சீக்வென்ஸ் தனிப் பொருள். அது டேபிளுக்குள்ள என்ன எண் இருக்குன்னு எட்டிக்கூடப் பார்க்காது. ஐடியோட சேர்த்து டேட்டாவை ஏத்தினா டேபிள்ல ஆயிரக்கணக்குல எண் இருக்கும், சீக்வென்ஸ் 1-லயே நிக்கும். இன்சர்ட் தோத்தாலும் எடுத்த எண் எடுத்ததுதான், ரோல்பேக் ஆகாது, அதாவது பழைய நிலைக்குத் திரும்பாது. அதனாலதான் நீ அடிக்க அடிக்க எண் ஏறுது. பழைய டேட்டாவுல எப்பவோ டெலீட் பண்ணின வரியோட எண் வரும்போது இடம் காலியா இருக்கு, இன்சர்ட் உள்ளே போகுது. இதுல மர்மம் ஒண்ணும் இல்ல.
செலக்ட் செட்வேல்('சீக்வென்ஸ் பேர்', பெரிய ஐடி) – இதை ஓட்டு, சீக்வென்ஸ் அந்த எண்ணுக்கு நகர்ந்துடும். முடிஞ்சது.

கமிட்_ராஜா
போஸ்ட்கிரெஸ் 15, சீரியல். பழைய மைஎஸ்க்யூஎல்ல இருந்து சிஎஸ்வி எடுத்து காப்பி கமாண்ட்ல ஏத்தினது. அங்க இப்படி வந்ததே இல்ல. ஜாவா இல்ல, ட்ரிகரும் இல்ல. அண்ணாச்சி சொன்னபடி பில்ஸ்_ஐடி_சீக்-க்கு செட்வேல் 48210 கொடுத்தாச்சு. அதே எரர்தான் வருது.

நெல்லை_நிரல்
அங்க வராததுக்குக் காரணம் இருக்கு. மைஎஸ்க்யூஎல்ல பெரிய ஐடியை நீங்களே கொடுத்து இன்சர்ட் பண்ணினா ஆட்டோ இன்கிரிமென்ட் கவுண்டர் தானா அதுக்கு மேல நகர்ந்துக்கும். போஸ்ட்கிரெஸ் நகர்த்தாது. ஐடென்டிட்டி 'ஜெனரேட்டட் ஆல்வேஸ்'னு போட்டிருந்தாலும் காப்பி கமாண்ட் ஃபைல்ல இருக்கிற எண்ணையே எழுதிடும். சாதா இன்சர்ட்டைத்தான் அது தடுக்கும்.
எரருக்குக் கீழ டீடெயில்னு ஒரு வரி இருக்குமே, அதை ஒட்டுங்க.

பில்லிங்_பாலம்
இடையில ஒண்ணு: இந்த ஐடியையேதான் கஸ்டமர் பில்லுல பில் நம்பரா அச்சடிக்கிறீங்களா? அப்படின்னா இப்ப எகிறின எண்ணெல்லாம் கணக்குல ஓட்டையா நிக்கும். ஜிஎஸ்டி விதி 46-படி இன்வாய்ஸ் எண் தொடர்ச்சியா, 16 எழுத்துக்குள்ள, நிதியாண்டுக்குள்ள திரும்ப வராததா இருக்கணும்.

ஹைபர்நேட்_ஹரி
போஸ்ட்கிரெஸ்ல சீக்வென்ஸ் கேஷ் (முன்கூட்டியே எடுத்து வைக்கிற எண்களோட அளவு) டீஃபால்ட்டே 1 தானே? ஆரக்கிள்ல 20, அதனால அங்க ஓட்டை விழும். இங்க விழாதே.

டிபிஏ_அண்ணாச்சி
தப்பு. கேஷ் 1 வச்சாலும் ரோல்பேக் ஆன ட்ரான்சாக்ஷன் எண்ணைத் தின்னும். 'ஆன் கான்ஃப்ளிக்ட் டூ நத்திங்' போட்டு வரி சேராம போனாலும் தின்னும். சர்வர் க்ராஷ் ஆனா 32 எண் வரைக்கும் தாண்டும், ஏன்னா வால் லாக்ல (மாற்றங்களை முன்கூட்டியே குறிச்சு வைக்கிற பதிவு) ஒவ்வொரு எண்ணா எழுதாம 32-ஐ முன்கூட்டியே எழுதி வச்சிடுது. எஸ்க்யூஎல் சர்வர்ல இன்ட் ஐடென்டிட்டி எதிர்பாராம ரீஸ்டார்ட் ஆனா 1000 தாண்டும். ஓட்டை இல்லாம கொடுக்கிறது சீக்வென்ஸோட வேலையே இல்ல. ஒரே எண்ணை ரெண்டு பேருக்குக் கொடுக்காம இருக்கிறதுதான் அதோட வேலை.

பில்லிங்_பாலம்
அதேதான் நானும் சொல்றேன். பில் நம்பருக்குத் தனி டேபிள் வைக்கணும். கிளை, நிதியாண்டு, கடைசி எண்ணுன்னு மூணு காலம் (நெடுவரிசை). 'அப்டேட் … செட் கடைசி_எண் = கடைசி_எண் + 1 … ரிட்டர்னிங் கடைசி_எண்'ணு ஒரே வரியில எடுத்து, அதே ட்ரான்சாக்ஷன்ல பில்லையும் எழுதணும். பில் ரோல்பேக் ஆனா எண்ணும் பின்னால போயிடும். கேன்சல் ஆன பில்லை டெலீட் பண்ணாம கேன்சல்னு குறி மட்டும் போடுங்க. ஜிஎஸ்டிஆர்-1-ல (விற்பனை விவரம் காட்டுற ஜிஎஸ்டி ரிட்டர்ன்) 13-ம் அட்டவணையில எந்த எண்ல இருந்து எந்த எண் வரைக்கும், அதுல எத்தனை கேன்சல்னு காட்டணும்.

லாக்_வேட்டை
அந்த ஒரு வரிக்கு எல்லாரும் க்யூவுல நிப்பாங்களே? முதல் செஷன் கமிட் ஆகிற வரைக்கும் அடுத்த பில் காத்திருக்கும். கவுண்டர் பத்து இருந்தா கூட்ட நேரத்துல திணறும்.

பில்லிங்_பாலம்
ட்ரான்சாக்ஷன் தொடக்கத்துலயே எண் எடுத்தா திணறும்தான். ஸ்டாக் குறைக்கிறது, ஐட்டம் வரிகள் எழுதுறது எல்லாம் முடிச்சிட்டு, கமிட்டுக்கு முன்னால கடைசி வேலையா எண் எடுங்க. அப்ப லாக் (அந்த வரி மேல விழுற பூட்டு) சில மில்லிசெகண்ட்தான் நிக்கும். கார்டு மெஷின் பதிலுக்குக் காத்திருக்கும்போது மட்டும் இந்த லாக்கைப் பிடிச்சிட்டு நிக்கவே கூடாது. விதியே ஒண்ணுக்கு மேல சீரீஸ் வச்சுக்க விடுது, அதனால கிளைக்கு ஒரு வரி, தேவைன்னா கவுண்டருக்கு ஒரு வரின்னு பிரிச்சா க்யூவே வராது.

லாக்_வேட்டை
கவுண்டருக்கு ஒண்ணுன்னா ஆடிட்டர் ஒத்துக்கணுமே. பத்து சீரீஸைச் சரிபார்க்கிறது அவருக்குத்தான் தலைவலி.

கமிட்_ராஜா
பில் நம்பரை அப்புறம் பார்க்கலாம் சார். டீடெயில் வரி: கீ (ஐடி)=(1317) ஆல்ரெடி எக்ஸிஸ்ட்ஸ்.

நெல்லை_நிரல்
இதுதான் வேணும். நீங்க 48210-க்கு நகர்த்தினீங்க, டேபிள் 1317-ஐ எடுக்குது. அப்படின்னா டேபிள் எடுக்கிற சீக்வென்ஸ் வேற. பிஎஸ்க்யூஎல்ல (போஸ்ட்கிரெஸோட கமாண்ட் அடிக்கிற டூல்) '\டி பில்ஸ்'னு அடிச்சு ஐடி காலத்தோட டீஃபால்ட்ல என்ன பேர் இருக்குன்னு பாருங்க. பில்ஸ்_ஐடி_சீக்1-னு இருக்கும்னு நினைக்கிறேன். முன்னால ஒரு பில்ஸ் டேபிள் இருந்து அதை ரீநேம் பண்ணீங்களா? டேபிளை ரீநேம் பண்ணினா சீக்வென்ஸ் பழைய பேர்லயே இருந்துடும். அப்புறம் அதே பேர்ல புது டேபிள் போட்டா, அந்தப் பேர் காலியா இல்லாததால போஸ்ட்கிரெஸ் கடைசியில 1 ஒட்டிடும்.
பேரை ஊகிச்சு அடிக்காதீங்க, டேட்டாபேஸையே கேளுங்க. முதல்ல 'பிகின்', அப்புறம் 'லாக் டேபிள் பில்ஸ் இன் எக்ஸ்க்ளூசிவ் மோட்', அதுக்கப்புறம்:
செலக்ட் செட்வேல்(பிஜி_கெட்_சீரியல்_சீக்வென்ஸ்('பில்ஸ்', 'ஐடி'), கோலெஸ்(மேக்ஸ்(ஐடி), 0) + 1, ஃபால்ஸ்) ஃப்ரம் பில்ஸ்
கடைசியா 'கமிட்'. அந்த ஃபால்ஸ் இருந்தாத்தான் நீங்க கொடுத்த எண்ணே அடுத்து வரும். இல்லேன்னா அதுக்கு அடுத்த எண் வரும். கோலெஸ் எதுக்குன்னா, காலி டேபிள்ல மேக்ஸ் நல் (மதிப்பே இல்லாதது) ஆயிடும். நல் கொடுத்தா செட்வேல் எரரும் காட்டாது, வேலையும் செய்யாது.

டிபிஏ_அண்ணாச்சி
இதைத்தான் நான் முதல்லயே சொன்னேன்.

ஹைபர்நேட்_ஹரி
அண்ணாச்சி, நீங்க 'சீக்வென்ஸ் பேர்'னு மட்டும்தான் சொன்னீங்க. எந்தப் பேருங்கிறதுதானே இங்க பிரச்சினையே?

கமிட்_ராஜா
சீக்1 தான். ஓடுது. நன்றி.

நெல்லை_நிரல்
நல்லது. ஆனா பில்லிங் திறக்கிறதுக்கு முன்னால ஒண்ணு பார்த்துடுங்க. இடையில 'திடீர்னு உள்ளே போன' பில்களெல்லாம் பழைய டெலீட் ஆன பில்களோட ஐடியில உட்கார்ந்திருக்கு. பில் ஐட்டம் டேபிள்ல ஃபாரின் கீ (இல்லாத பில்லுக்கு ஐட்டம் சேர விடாத கட்டுப்பாடு) இல்லாம ஏத்தியிருந்தா, அந்தப் பழைய பில்களோட அநாதை ஐட்டம் வரிகள் இப்பப் புது பில்லோட ஒட்டிக்கும். கஸ்டமர் வாங்காத சாமான் பில்லுல வரும். இன்னைக்குத் தேதி போட்டு, ஐடி 48210-க்குக் கீழ இருக்கிற பில்களை எடுங்க. ஒவ்வொண்ணுக்கும் ஐட்டம் கூட்டுத்தொகை பில் தொகையோட பொருந்துதான்னு பாருங்க.
பில் ஐட்டம் டேபிளும் அதே சிஎஸ்வி வழியாத்தான் ஏறினதா? அதோட சீக்வென்ஸ் எங்க நிக்குது?

பில்லிங்_பாலம்
ராஜா, இருக்கீங்களா?